நாலாம் இலக்க வில்லை

டூங்கபி,
நியூ சவுத் வேல்ஸ்.
10.7.78, திங்கட்கிழமை

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும், சென்ற மாதத்திலிருந்து பெருங்கோபத்துக்கும் உரிய கேதீஸ்வரன் மாமா அவர்களுக்கு,

மருமகள் யோகா தாழ்மையுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மெல்பேர்ணில் நீங்களும் மாமியும் மச்சாள் விமலாவும் உடம்பு, மனம் இரண்டிலும் சுகமாக இருக்க வேண்டுமென்று எங்கள் வீட்டுச் சுவாமிப் படங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன். உங்கள் மீசை திரும்ப வளர்ந்துவிட்டதா? குடிவரவுக் கந்தோரிலிருந்து பேசுகிறோம், கடவுச்சீட்டுப் படத்தில் மீசை இல்லை, முகத்தில் இருக்கிறது, இரண்டில் ஒன்றை உடனே திருத்துங்கள் என்று சென்ற மாதம் ரெலிபோனில் சொன்ன பெண் நான்தான் என்பதை இத்தால் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் அன்றைக்கே திருத்துவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதன் பிறகு என் குரல் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடுகிறீர்கள். நேற்று மட்டும் மூன்று தரம் வைத்தீர்கள். ஆகவேதான் கடிதம். கடிதத்தையும் நீங்கள் வைக்கலாம், ஆனால் அது கதைத்துக்கொண்டே இருக்கும்.

மாமா, விஷயம் இதுதான். புதன்கிழமை பின்னேர ரயிலில் விமலாவை இங்கே அனுப்ப வேண்டும். வியாழன் காலை பத்து மணிக்கு அவள் ஒரு சுரங்கப்பாதையின் வாசலில் நின்று, போன சனிக்கிழமை நான் இதற்குள்ளே போனேன், பத்திரமாக வெளியே வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அப்பாவின் வேலை போய்விடும். இது பகிடி இல்லை. பகிடி என்றால் இதைவிட நன்றாகச் செய்திருப்பேன்.

அப்பாவின் வேலையைப் பற்றி அம்மா உங்களுக்கு "பெரிய எஞ்சினியர் உத்தியோகம்" என்று மட்டும்தான் எழுதியிருப்பா. மலைப்பக்கத்தில், பென்றித்துக்கும் மேலே, ஸ்டோக்கர்ஸ் கேப் என்று ஓர் இடம். அங்கே பழைய மலைவீதிக்காகக் குடைந்த சுரங்கங்கள் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. நாற்பது வருடங்களுக்கு முன் புதுவீதி வந்ததும் இரண்டையும் கைவிட்டுவிட்டார்கள். இரண்டாவதற்குள் கூரை இறங்கிப் பாதையே அடைபட்டுப்போனது. இப்போது நகரசபைக்கு ஞானம் பிறந்து, முதலாவதைக் கழுவி, லைற் போட்டு, ரிக்கற் யன்னல் வைத்து, சனங்கள் வந்து பார்க்கத் திறந்திருக்கிறது. ஒரு காலத்தில் எவ்வளவு கெதியாகத் தாண்டலாமோ அவ்வளவு கெதியாகத் தாண்டிப் போன இருட்டுக்குள், இப்போது ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்கிறார்கள். மறுமுனையில் இரண்டாவது சுரங்கத்தின் வாயை இரும்புக் கிராதியால் மூடியிருப்பதால் போன வழியாலேயே திரும்பி வரவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் றோட்டுக் கந்தோரில் எஞ்சினியராக இருந்த அப்பா, இங்கே வந்து இரண்டு வருடம் பிஸ்கற் பெக்டரியில் கிறீம் பூசுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவரைத்தான் இந்தச் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரியாக ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்கு எடுத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. நிரந்தரமாக்கும் கடிதத்தில் நகரசபைச் செயலாளர் மிஸ்டர் பெல் கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. வைக்காவிட்டால் திரும்பவும் கிறீம். இந்த ஆறு மாதமாக அப்பா எந்த வீட்டிலும் பிஸ்கற்றைத் தொடுவதில்லை.

சுரங்கத்துக்கு அப்பா ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறார். நிலக்கரிச் சுரங்கக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு வந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் இலக்கம் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கொடுத்து, புத்தகத்தில் பெயரைப் பதிய வேண்டும். வெளியே வருகிறவர் தன் வில்லையைப் பலகையிலுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி வெறுமையாக இருந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை வாசற் கதவைப் பூட்டக்கூடாது. பலகைக்கு மேலே அப்பா இதைத் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதி மாட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் கல்யாணப் படத்துக்குக்கூட அவ்வளவு அழகான சட்டம் போடவில்லை.

போன சனிக்கிழமைதான் திறப்பு நாள். முதலாவதாக எஞ்சினியரின் குடும்பம் உள்ளே போகட்டும் என்று மிஸ்டர் பெல் பெரிய மனது பண்ணினார். அம்மா காஞ்சிபுரம் உடுத்து, அதற்கு மேலே அப்பாவின் ஸ்வெற்றரைப் போட்டு, காலில் கம்பளி மேசும் செருப்புமாக வந்தா. லைற்றுகளைப் பார்க்க வேண்டுமென்று அப்பா முதலாம் இலக்க வில்லையை எடுத்துக்கொண்டு முன்னுக்கு உள்ளே போய்விட்டார். அம்மா மட்டும் வாசலில் நின்றுவிட்டா.

"யோகா, நாங்கள் எத்தினை பேர் போறம்?"

"மூண்டு பேர்."

"மூண்டு பேராய்ச் சேந்து ஒரு நல்ல காரியத்துக்குப் போறதே? உனக்கு விசரே?"

உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று பேராகப் புறப்பட வேண்டி வந்தால் ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்து அதை நாலாம் ஆளாக்கிக்கொண்டுதான் படியிறங்குவா. விசாவுக்காக நாங்கள் மூவரும் கொழும்புக்குப் போன அன்றும் கைப்பைக்குள் ஒரு சல்லிக்கல் வந்தது. விசாவும் கிடைத்தது. ஆகவே வாதாட முடியாது.

அம்மா குனிந்து சுரங்கவாயின் ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்தா. கோழிமுட்டை அளவு. நல்ல கறுப்பு. மழை பெய்து ஒரு கிழமையாகியும் அது மட்டும் ஈரமாக இருந்தது.

ரிக்கற் யன்னலில் இருப்பவ மிஸிஸ் டொய்ல். எல்லோரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவா, அப்பாவைக்கூட. அம்மா அதை முதல் நாளே மனதில் குறித்து வைத்துவிட்டா. "எத்தனை பேர், லவ்?" என்று மிஸிஸ் டொய்ல் கேட்டதற்கு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு விரலைக் காட்டினா. மிஸிஸ் டொய்ல் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. உள்ளே போன எஞ்சினியர் ஒன்று, அம்மா இரண்டு, நான் மூன்று.

"நாலாவது ஆள் யார்?"

மாமா, இந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை, மன்னிக்க வேண்டும், அது கல் என்று சொல்லியிருக்கும். எனக்கு நாக்கு அரித்தது. "என்னுடைய மச்சாள் விமலா. மெல்பேர்ணிலிருந்து வந்திருக்கிறாள். கூச்சம் கூட. முன்னுக்கு ஓடிவிட்டாள்," என்றேன். ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே என்று மிஸிஸ் டொய்ல் உடுப்பைக் கேட்டா. சாம்பல் கார்டிகன், இரட்டைப் பின்னல் என்றேன். எல்லாம் புத்தகத்தில் ஏறியது. மற்ற மூன்று வில்லைகளும் வந்தன. விமலா வகுப்பில் முதலாம் பிள்ளை என்பதால் அவளுடைய மானத்துக்காகச் சொல்கிறேன்: உள்ளே போனது கல்லாத விமலா அல்ல, கல் ஆன விமலா. அம்மா நாலாம் இலக்க வில்லையையும் கல்லையும் ஒன்றாகக் கைலேஞ்சியில் வைத்து முடிந்தா. "நாலாம் ஆளுக்கும் ஒண்டு வேணும்தானே," என்றா. அவவுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நானூறு மீட்டர் நீளம், நடுவில் ஒரு வளைவு. வளைவில் நின்றால் வந்த வாயும் தெரியாது, போகிற வாயும் தெரியாது. கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். அடுத்த சொட்டுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றால் அது விழாது. சுவரில் பழைய வண்டிகளின் அச்சு உரசின கோடுகள், ஆளின் இடுப்பு உயரத்தில், நகத்தால் இழுத்த மாதிரி. அப்பா முன்னுக்கு நடந்துகொண்டு வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது என்று விளங்கப்படுத்தினார். அவருடைய பூட்ஸ் ஒரு சத்தம், அம்மாவின் செருப்பு ஒரு சத்தம், என் சப்பாத்து ஒரு சத்தம். இந்த மூன்றுக்கும் பின்னால், கொஞ்சம் பிந்தி, வெறுங்கால் ஈரத்தில் பதிகிற மாதிரி இன்னொன்று. எதிரொலியோ என்று கேட்டால் அப்பா ஓம் என்றிருப்பார். நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

வளைவுக்கு வந்ததும் அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. "பாத்தது காணும், வந்த காரியம் முடிஞ்சுது," என்று கைலேஞ்சி முடிச்சை அப்படியே சுவரோரம் வைத்துவிட்டுத் திரும்பினா. காரியம் முடிந்ததும் கல்லைக் கீழே வைத்துவிட வேண்டும், அதுதான் முறை. வில்லையும் அதற்குள்ளேதான் இருக்கிறது என்பது அவவுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. எனக்குப் பயம் வந்தால் வாய் கூடும். இருட்டைப் பார்த்து, "விமலா, வாடி, போவம்," என்று கூப்பிட்டேன். சுவர்கள் போவம், போவம் என்று இரண்டு மூன்று தரம் சொல்லி ஓய்ந்தன. ஒரு சொட்டு விழுந்தது. அதற்குப் பிறகு, "ஓம்."

சின்னக் குரல். பக்கத்து அறையிலிருந்து யாரோ படித்துக்கொண்டே பதில் சொன்ன மாதிரி. அம்மா என்று நினைத்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "உதென்ன ஓம் ஓமெண்டு தனியக் கதைக்கிறாய்? பேசாமல் வா," என்றா. அப்பா இன்னும் வடிகாலிலேயே நின்றார்.

பின்னேரம் நாலரை. அன்று வந்த நூற்றுச் சொச்சம் பேருடைய வில்லைகளும் பலகைக்கு வந்துவிட்டன. நாலாம் ஆணியில் மட்டும் வில்லை இல்லை. வேறு நாளென்றால் இந்த எதுகைக்கு நானே சிரித்திருப்பேன்.

"உன்னுடைய மருமகள் எங்கே?" என்று மிஸ்டர் பெல் கேட்டார்.

எந்த மருமகள் என்று அப்பா கேட்கவில்லை. கேட்கிற முகம் மட்டும் வந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தா, நான் பலகையைப் பார்த்தேன். பிறகு, விமலா மற்றக் கூட்டத்தோடு வெளியே வந்து மெல்பேர்ண் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள், வில்லையைத் தெரியாமல் கொண்டுபோய்விட்டாள் என்று நானே சொன்னேன். மிஸ்டர் பெல் கெட்ட மனிதர் இல்லை. அரசாங்கப் பரிசோதகர் வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறார், அதற்குள் பெண்ணும் வில்லையும் வரவேண்டும், திறந்த முதல் நாளே ஓர் ஆளைக் காணவில்லை என்றால் உன்னுடைய கடிதத்தில் எப்படிக் கையெழுத்து வைப்பேன் என்றார். சொல்லிவிட்டு, சரி, இப்போது கதவைப் பூட்டு என்றார். அப்பா சிவப்பு எழுத்தை ஒரு தரம் வாசித்தார். "பூட்டக்கூடாது. ஓர் ஆணி வெறுமையாக இருக்கிறது," என்றார். உள்ளே யாரும் இல்லை என்று அவருக்கு அப்போது நன்றாகத் தெரியும், பலகையடியில் வைத்தே நான் எல்லாவற்றையும் காதுக்குள் சொல்லிவிட்டேன். இருந்தும் பூட்டவில்லை. சனிக்கிழமையிலிருந்து அந்தக் கதவு திறந்துதான் கிடக்கிறது.

ரயிலில் வீட்டுக்கு வரும்போது அப்பா, "நான் உள்ளதைச் சொல்லப்போறன்," என்றார்.

"என்னெண்டு?" என்றா அம்மா.

"அது பெட்டையில்லை, கல்லெண்டு."

"எங்கை, இங்கிலீசில ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

அப்பா தொண்டையைச் செருமி, மூன்று பேர் துணையில்லாமல் போகக்கூடாது என்பதால் தன் மனைவி ஒரு கல்லை நாலாவது ஆளாக அழைத்து வந்தா என்று நல்ல இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். முன் சீற்றில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டா.

நேற்று ஞாயிறு, அப்பாவும் நானும் டோர்ச் லைற்றுடன் வில்லையைத் தேடப் போனோம். வளைவில் கைலேஞ்சி இருந்தது. அம்மா முடிச்சுப் போட்டால் அவிழ்க்கப் பல்லு வேண்டும், உங்களுக்குத் தெரியும். ஆனால் அது அவிழ்ந்து, நாலாக மடித்து, ஈரம் படாத ஓர் இடமாகப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. இஸ்திரிக்கை போட்ட மாதிரி மடிப்பு. வில்லையும் இல்லை, கல்லும் இல்லை.

"ஆரோ பாக்க வந்த சனம் எடுத்திருக்கும்," என்றார் அப்பா.

"கல்லையுமோ அப்பா?"

அவர் மறுமுனை வரைக்கும் போய்க் கிராதியை ஆட்டிப் பார்த்தார். பூட்டுத் துருவேறிக் கிராதியோடு ஒட்டியிருந்தது. "சரி, வா, போவம்," என்றார். சொன்னவர் உடனே நடக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை அந்த ஓம் அவருக்கும் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா குசினிக்குப் போய் பிஸ்கற் டின்னைத் திறந்து, ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். கிறீம் ஒழுங்காகப் பூசியிருக்கிறதா என்று பார்த்திருப்பார். மாமா, உங்கள் மீசைக்காக நான் வருந்தவில்லை. அந்த பிஸ்கற்றைப் பார்த்துத்தான் வருந்தினேன். இரண்டையும் செய்தது ஒரே வாய்.

ஆகவே விமலா வரும்போது இவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரட்டைப் பின்னல் கட்டாயம். சாம்பல் கார்டிகன் இல்லையென்றால் மாமியுடையதைக் கைமடித்துப் போடலாம். வில்லை என்னிடம் தயார். அம்மாவின் பித்தளைக் குங்குமச் சிமிழ் மூடியைத் தட்டி ஆணியால் நாலு என்று குத்தியிருக்கிறேன். (அம்மா மூடியைத் தேடுகிறா. நானும் கூடத் தேடிக் கொடுக்கிறேன்.) எப்படி வந்தாய் என்று பரிசோதகர் கேட்டால் ரயிலில் என்று சொல்லட்டும். கூச்சமாக நின்றால் இன்னும் நல்லது. முக்கியமாக, அங்கே நிற்கும்போது உள்ளேயிருந்து யாராவது தமிழில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம்.

இனி என் ஆயுள் உள்ளவரை உங்கள் வீட்டு இலக்கத்துக்கு வேறு குரலில் ரெலிபோன் எடுக்கமாட்டேன் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். மாமியின் முழங்கால் வலிக்கு அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறா, விமலாவிடம் கொடுத்துவிடுவோம். பெரியவர்கள் இருவரின் கால்களுக்கும் இங்கிருந்தே ஒரு கும்பிடு. விமலாவுக்கு என் அன்பு, முன்கூட்டியே நன்றி, முன்கூட்டியே மன்னிப்பு.

இப்படிக்கு,
இம்முறை உண்மையை மட்டும் எழுதும்,
வ. யோகா

பி.கு.: செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. காலையில் பள்ளிக்கூட அவசரத்தில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். விமலாவை அனுப்ப வேண்டாம். அவள் இன்று காலை வந்து நாலாம் இலக்க வில்லையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

அப்பா நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் நிரந்தரமாக்கின கடிதம். ஆளும் வில்லையும் வந்துவிட்டதால் மிஸ்டர் பெல் வியாழன்மட்டும் காத்திருக்காமல் மத்தியானமே கையெழுத்து வைத்துவிட்டார். நீங்கள்தான் என் மனதை அறிந்து அனுப்பிவிட்டீர்கள் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால் உங்களுக்கு எழுதின இந்தக் கடிதம் என் மேசையில் கிடக்கிறது. நீங்கள் என் ரெலிபோனையும் எடுக்கவில்லை. சாம்பல் கார்டிகனைப் பற்றி மெல்பேர்ணில் யாருக்கும் தெரியாது.

மிஸிஸ் டொய்ல் யன்னலைத் திறக்கும்போதே பிள்ளை வந்து நின்றதாம். றோட்டுப் பக்கமாக வரவில்லை. உள்ளேயிருந்து. சாம்பல் கார்டிகன், இரட்டைப் பின்னல், நல்ல மரியாதை, கை மட்டும் சரியான குளிர். வில்லையை வைத்துவிட்டுப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அப்பா அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். தமிழில், குண்டு குண்டு எழுத்தில், விமலா. என்ன வேண்டும் லவ் என்று மிஸிஸ் டொய்ல் கேட்டதற்கு, எங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்டாளாம். அங்கே மூன்று பேர்தான் இருக்கிறார்கள், நான் போனால்தான் சரிவரும் என்றாளாம். மிஸிஸ் டொய்ல் நல்ல மனுஷி. விலாசத்தோடு, நாங்கள் வீட்டில் இருக்கிற பின்னேரமாகப் பார்த்து ரயில் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறா. டூங்கபிக்கு வந்து சேருவது ஐந்து பன்னிரண்டு.

அப்பா மேசையில் இருந்து தன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடமாக நாங்கள் இந்தச் சிரிப்பைக் காணவில்லை. அம்மா குசினியில் புட்டு அவிக்கிறா. நாலாவது கோப்பையையும் துடைத்து வைத்துவிட்டா. "ஆர் பெத்த பிள்ளையெண்டாலும் பசியோடதானே வரும். வழி தெரியாது, நீ ரேசனடிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வா," என்கிறா. போகிற வழியில் தபாற்பெட்டி இருக்கிறது.

மாமா, விமலா இன்று முழுக்க உங்கள் வீட்டில்தான் இருந்தாள் என்றால், தயவுசெய்து எங்களுக்கு எழுத வேண்டாம்.